பேட்சை மெயிலில் சேதமில்லாமல் அனுப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கர்னலுக்கோ (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிட்டுக்கோ (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) முதல் பேட்ச், அதாவது நிரலில் செய்த மாற்றத்தை மட்டும் சொல்லும் எழுத்துக் கோப்பு, அனுப்பத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் எழுதிய நிரலைப் பற்றிப் பயப்படுவதில்லை, மெயிலைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கர்னலை மனதில் வைத்து எழுதியது. மற்ற புராஜெக்ட்களில் வழக்கம் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

கிட்ஹப்பில் ஒரு பட்டனை அழுத்தினால் முடிகிற வேலைக்கு எதற்கு மெயில்?

அந்த புராஜெக்டை நடத்துபவர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள், அவ்வளவுதான். லினக்ஸ் கர்னல், கிட், யூ-பூட் (கருவிகளைத் துவக்கும் மென்பொருள்) எல்லாம் இன்றும் மெயிலில்தான் பேட்ச் வாங்குகின்றன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்ஹப்பில் வைத்திருக்கும் கர்னல் நகலுக்குப் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போட்டால் அது அங்கேயே கிடக்கும்.

இதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. மாற்றத்தை மட்டும் எழுத்தாக அனுப்பி, மறுமுனையில் ஒட்டிக்கொள்ள உதவும் 'பேட்ச்' என்ற புரோகிராமை லாரி வால் 1985-இல் வெளியிட்டார். கர்னலுக்கு வந்த மாற்றங்களை லினஸ் பல வருடங்கள் மெயிலில்தான் வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தார். 2005 ஏப்ரலில் அவர் கிட் எழுதத் தொடங்கியபோது, மெயில்பெட்டியிலிருந்து நேராக எடுத்து ஒட்டும் வசதியும் கூடவே வந்தது. 'கிட் ஏஎம்' கட்டளையில் உள்ள ஏஎம், 'அப்ளை மெயில்பாக்ஸ்' என்பதன் சுருக்கம். ஆக, மெயில் என்பது கிட்டுக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம்.

வசதியும் இருக்கிறது. உங்கள் நிரலை வரிவரியாக மேற்கோள் காட்டி, அந்தந்த வரிக்குக் கீழேயே கருத்து எழுதுவார்கள். இன்னொரு கணக்கு திறக்க வேண்டாம். எல்லாம் எழுத்தாகவே பதிவாகும்.

மெயில் என்பது எழுத்து, பேட்ச் என்பதும் எழுத்து. நடுவில் எது கெடுகிறது?

இடைவெளி கெடுகிறது. மனிதர்களுக்கு எழுதும் மடலில் இரண்டு ஸ்பேஸ் ஒன்றானால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பேட்சில் ஒவ்வொரு இடைவெளிக்கும் பொருள் உண்டு. ஒரு காபி செய்முறைக் கோப்பை நான் திருத்தினேன் என்று வையுங்கள்:

@@ -3,3 +3,3 @@
 பாலை நன்றாகக் காய்ச்சவும்
-டிகாக்‌ஷன் 30 மில்லி
+டிகாக்‌ஷன் 40 மில்லி, முதலில் இறங்கியது மட்டும்
 சர்க்கரை கடைசியில்

ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். கழித்தல் குறி இருந்தால் பழைய வரி, கூட்டல் குறி இருந்தால் புது வரி. மாறாத வரிக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்பேஸ். மேலே உள்ள எண்கள், பழைய கோப்பில் 3-ஆம் வரியிலிருந்து 3 வரிகள், புதியதிலும் 3-ஆம் வரியிலிருந்து 3 வரிகள் என்று கணக்குச் சொல்கின்றன. கிட் இந்தக் கணக்கை எண்ணிப் பார்க்கும்.

இப்போது ஏதோ ஒரு மெயில் செயலி, வரி நீளமாக இருக்கிறதே என்று 'மட்டும்' என்ற சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டது. அந்த வரிக்கு முன்னால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை, ஸ்பேஸும் இல்லை. 'கரப்ட் பேட்ச்' என்று சொல்லி கிட் நின்றுவிடும். உங்கள் நிரலில் ஒரு பிழையும் இருக்காது.

வரி மடிப்பாவது கண்ணுக்குத் தெரியும். டேப் மாறுவது தெரியவே தெரியாது. கர்னலில் உள்தள்ளலுக்கு டேப்தான், அதுவும் 8 இடம். ஜிமெயிலை பிரவுசரில் திறந்து பேட்சை ஒட்டினால் டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகிவிடும் என்று கர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது. பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும், ஒட்டிப் பார்த்தால் ஒட்டாது. என் முதல் பேட்ச் இரண்டே வரி. பிரவுசரில் ஒட்டித்தான் அனுப்பினேன். 'வைட்ஸ்பேஸ் டேமேஜ்ட்' என்று பதில் வந்தது. அரை நாள் திரையை உற்றுப் பார்த்தும் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை.

மூன்றாவது வில்லன் 'ஃபார்மட்=ஃப்ளோட்' (format=flowed). சின்னத் திரையிலும் பெரிய திரையிலும் பத்தி அழகாக மடியட்டும் என்று வந்த ஏற்பாடு, ஆர்எஃப்சி 3676 என்ற இணைய விதி ஆவணத்தில் இருக்கிறது. இதன்படி, ஸ்பேஸில் தொடங்கும் வரிக்கு முன்னால் இன்னொரு ஸ்பேஸ் சேர்ப்பார்கள். ஸ்பேஸில் முடியும் வரி அடுத்த வரியோடு சேர்ந்துகொள்ளும். பேட்சில் மாறாத வரி எல்லாமே ஸ்பேஸில்தான் தொடங்குகிறது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தண்டர்பேர்டில் இது இயல்பாகவே இயங்கும். அமைப்புகளில் தேடி அணைக்க வேண்டும், வரி மடிக்கும் நீளத்தையும் 0 ஆக்க வேண்டும்.

இதுபோக நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றும் தானியங்கித் திருத்தம், எச்டிஎம்எல் என்று பட்டியல் நீளும். கர்னலின் மெயில் சர்வர் எச்டிஎம்எல் மடலை வாசலிலேயே திருப்பிவிடும்.

என் கருத்து இதுதான்: மடல் 'எழுத' உதவும் எந்தச் செயலியும் பேட்சைத் தொடக் கூடாது. படிக்கவும் பதில் எழுதவும் எது பிடிக்கிறதோ வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதை மட்டும் கிட்டிடமே விட்டுவிடுங்கள்.

சரி, கிட்டே எப்படி அனுப்பும்?

இரண்டு கட்டளைகள். 'கிட் ஃபார்மட்-பேட்ச்' உங்கள் ஒவ்வொரு கமிட்டையும் (கிட்டில் பதிவு செய்த மாற்றம்) அனுப்பத் தயாரான ஒரு மடல் கோப்பாக மாற்றும். 'கிட் சென்ட்-ஈமெயில்' அந்தக் கோப்புகளை மெயில் சர்வரிடம் நேராக ஒப்படைக்கும். நடுவில் காப்பி-பேஸ்ட் கிடையாது.

உபுண்டு, டெபியன், ஃபெடோராவில் இரண்டாவது கட்டளை 'கிட்-ஈமெயில்' என்ற தனிப் பொதியில் வரும். 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று கிட் சொன்னால், நீங்கள் எழுத்துப்பிழை விட்டீர்கள் என்று தேட வேண்டாம், அந்தப் பொதியை நிறுவுங்கள். அப்புறம் கிட்டின் கன்ஃபிக் கோப்பில் சென்ட்-ஈமெயில் பகுதியில் சர்வர், போர்ட், குறியாக்கம், பயனர் பெயர் நான்கையும் எழுதுங்கள். போர்ட் 587 என்றால் குறியாக்கம் 'டிஎல்எஸ்', 465 என்றால் 'எஸ்எஸ்எல்'. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு மணிக்கணக்கில் முழித்தவர்கள் ஏராளம். போர்ட் 25-ஐ நினைக்கவே வேண்டாம், பல இணைய நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன.

அங்கேயே 'கன்ஃபர்ம்' என்பதை 'ஆல்வேஸ்' என்று வையுங்கள். ஒவ்வொரு மடலுக்கும் யாருக்குப் போகிறது என்று காட்டி, போகலாமா என்று கேட்கும். மெயிலைத் திரும்பப் பெற முடியாது. கர்னல் பேட்ச் என்றால் அது ஒரே நேரத்தில் பல நூறு பேருக்குப் போய்ச் சேரும்.

ஜிமெயில் பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளே விடவில்லையே?

சாதா பாஸ்வேர்டை வெறுமனே கொடுத்து நுழைவதை கூகுள் 2022 மே மாதம் நிறுத்திவிட்டது. இரண்டு-படி சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்குங்கள். 16 எழுத்துகள் வரும். கிட்டுக்கு அதைக் கொடுத்தால் போதும். கன்ஃபிக் கோப்பில் அதை அப்பட்டமாக எழுதி வைக்காமல் கிரெடென்ஷியல் ஹெல்ப்பரிடம் (பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்திருக்கும் துணை நிரல்) விடுவது நல்லது. கன்ஃபிக் கோப்பைத் தங்கள் டாட்ஃபைல்ஸ் (சொந்த அமைப்புக் கோப்புகள்) தொகுப்போடு பொதுவில் ஏற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

நன்றாகப் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே எப்படி உறுதி செய்வது?

உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். ஆனால் வந்ததைப் பார்த்துத் திருப்திப்படுவது சோதனை ஆகாது, ஒட்டிப் பார்ப்பதுதான் சோதனை.

நான் செய்வது இது. பேட்சை வேறு நிறுவனத்தில் இருக்கும் எனது இன்னொரு முகவரிக்கு அனுப்புவேன். வந்த மடலை மூல வடிவிலேயே இறக்குவேன். ஜிமெயில் என்றால் 'ஷோ ஒரிஜினல்' போய் 'டவுன்லோட் ஒரிஜினல்' அழுத்த வேண்டும். திரையில் தெரிவதை காப்பி எடுத்தால் கதை கந்தல். பிறகு, என் மாற்றங்கள் இல்லாத புதுக் கிளை ஒன்றைத் தொடங்கி, இறக்கிய கோப்பை 'கிட் ஏஎம்' மூலம் ஒட்டுவேன். கடைசியாக, என் அசல் கிளைக்கும் இந்தக் கிளைக்கும் என்ன வித்தியாசம் என்று 'கிட் டிஃப்' போட்டுப் பார்ப்பேன். ஒன்றுமே வரக் கூடாது. கமிட் செய்தியையும், ஆசிரியர் பெயரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

'வேறு நிறுவனத்தில் இருக்கும் முகவரி' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அலுவலக முகவரியிலிருந்து அதே முகவரிக்கு அனுப்பிச் சோதித்தேன். அட்டகாசமாக ஒட்டியது. உண்மையாக அனுப்பியபோது, 'இம்மடல் ரகசியமானது, உங்களுக்கானது இல்லை என்றால் அழித்துவிடவும்' என்ற நீண்ட அறிவிப்பு என் பேட்சின் வாலில் தொங்கிக்கொண்டு போனது. வெளியே போகும் மடல்களில் மட்டும் அந்தச் சர்வர் அதைச் சேர்க்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் வேடிக்கை, அந்த அறிவிப்பால் பேட்ச் கெடவில்லை. கடைசி வரியின் கணக்கு முடிந்த பிறகு வரும் எழுத்தை கிட் கண்டுகொள்ளாது. பிரச்சினை சட்டம் சம்பந்தப்பட்டது. 'ரகசியம்' என்று முத்திரை குத்திய ஒன்றைப் பொதுவில் ஓடும் நிரலில் சேர்க்க எந்த மெயின்டெய்னரும் (பேட்ச்களை வாங்கிச் சேர்க்கும் பொறுப்பாளர்) துணிய மாட்டார். வேறு முகவரியிலிருந்து மறுபடி அனுப்பும்படி பதில் வந்தது.

மடலின் மூல வடிவத்தைத் திறந்தால் புரியாத எழுத்துகளாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. அது பேஸ்64 ஆக இருக்கும். '=20', '=3D' என்று அங்கங்கே தெரிந்தால் கோட்டட்-பிரிண்டபிள். இரண்டுமே உள்ளடக்கத்தை மூட்டை கட்டும் முறைகள். கிட் ஏஎம் இரண்டையும் பிரித்துவிடும், உள்ளே இருப்பது அப்படியே கிடைக்கும். மூட்டை கட்டுவதையும் சேதப்படுத்துவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு வரி 998 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஆர்எஃப்சி 5322 விதி. அதைத் தாண்டும் வரி இருந்தால் கிட் சென்ட்-ஈமெயில் தானாகவே கோட்டட்-பிரிண்டபிளுக்கு மாறிக்கொள்ளும்.

கோப்பின் முதல் வரியில் 2001 செப்டம்பர் 17, திங்கள் என்று இருக்கிறதே? என் கணினியின் கடிகாரம் தப்பா?

இல்லை. எல்லோருடைய பேட்சிலும் அதே தேதிதான். இது கிட் ஃபார்மட்-பேட்ச் உருவாக்கிய கோப்பு என்று மற்ற நிரல்கள் கண்டுகொள்ள வைத்த மாறாத அடையாளம். உண்மையான தேதி இரண்டு வரி தள்ளிக் கீழே இருக்கும். இதைக் கையால் 'திருத்தி' அனுப்பியவரையும் பார்த்திருக்கிறேன்.

மெயின்டெய்னருக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஆனால் அது கமிட் செய்தியில் சேரக் கூடாது. எங்கே எழுதுவது?

ஒற்றைப் பேட்ச் என்றால், கமிட் செய்தி முடிந்ததும் மூன்று கழித்தல் குறிகள் மட்டும் உள்ள ஒரு வரி வரும். அதற்குக் கீழே, நிரல் மாற்றம் தொடங்குவதற்கு மேலே எழுதுங்கள். ஒட்டும்போது அந்தப் பகுதி உதிர்ந்துவிடும். 'முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது', 'எந்த போர்டில் சோதித்தேன்' என்பதெல்லாம் அங்கே போக வேண்டியவை. பல பேட்ச்கள் கொண்ட தொடர் என்றால் கவர் லெட்டர் (அறிமுக மடல்) ஒன்றை முன்னால் அனுப்பி அதில் எழுதலாம். 0/5 என்ற எண்ணோடு போவது அதுதான்.

இதே வசதி சில சமயம் காலை வாரும். உங்கள் கமிட் செய்திக்குள்ளேயே விளக்கத்துக்காக மூன்று கழித்தல் குறிகளை ஒரு வரியில் போட்டாலோ, 'டிஃப்' என்று தொடங்கி ஒரு கழித்தல் குறியோடு போகும் வரியை ஒட்டினாலோ, செய்தி அங்கேயே முடிந்துவிட்டது என்று கிட் ஏஎம் எடுத்துக்கொள்ளும். கீழே எழுதிய பத்திகள் காணாமல் போகும், சைன்ட்-ஆஃப்-பை வரி உட்பட. எடுத்துக்காட்டு போடத்தான் வேண்டும் என்றால் நான்கு ஸ்பேஸ் உள்தள்ளிப் போடுங்கள்.

சைன்ட்-ஆஃப்-பை வரியைப் பற்றி ஒரு சொல். லினக்ஸில் தன் நிரல் கலந்துவிட்டது என்று எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது 2003-இல் தொடுத்த வழக்குக்குப் பிறகு, 2004-இல் கர்னலில் வந்த வழக்கம் அது. இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அது இல்லாத பேட்சைச் சேர்க்க மாட்டார்கள்.

இரண்டாவது பதிப்பை, முதல் பதிப்புக்கான பதிலாக அனுப்புவதா, தனியாக அனுப்புவதா?

ஊருக்கு ஒரு வழக்கம். கர்னலில் பல பேட்ச் கொண்ட தொடரைப் பழைய இழையில் (மடலும் அதற்கு வந்த பதில்களும்) தொங்கவிடாமல் தனி இழையாக அனுப்பச் சொல்கிறார்கள். முந்தைய பதிப்பின் சுட்டியைக் கவர் லெட்டரில் கொடுத்தால் போதும். கிட் புராஜெக்டில் நேர்மாறு: முந்தைய பதிப்புக்குப் பதிலாக வந்தால்தான் அவர்களுக்கு வசதி. எந்தப் பக்கம் போனாலும் சப்ஜெக்டில் வி2 என்ற எண் தெரிய வேண்டும், தொடரில் ஒரே ஒரு பேட்ச் மாறியிருந்தாலும் மொத்தத்தையும் மறுபடி அனுப்ப வேண்டும். 3/7-க்கு மட்டும் வி2 அனுப்பினால், எதோடு எதைச் சேர்ப்பது என்று எதிர்முனையில் இருப்பவர்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

2018-இல் வந்த 'ரேஞ்ச்-டிஃப்' வசதி இரண்டு பதிப்புகளுக்கும் நடுவில் என்ன மாறியது என்று காட்டும். அதைக் கவர் லெட்டரில் சேர்த்து அனுப்பினால், படிக்கிறவர் மனதுக்குள் உங்களை வாழ்த்துவார்.

அட்டாச்மென்டாக அனுப்பினால் எதுவும் கெடாதே, அப்படியே அனுப்பிவிடலாமா?

கெடாது, உண்மைதான். ஆனால் மடலின் உடலில் இருந்தால்தான் வரியை மேற்கோள் காட்டிக் கருத்துச் சொல்ல முடியும். அதனால் கர்னலிலும் கிட்டிலும் அட்டாச்மென்ட் கூடாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் (தரவுத்தள மென்பொருள்) ஆட்களோ அட்டாச்மென்டாகத்தான் கேட்கிறார்கள். போகிற வீட்டின் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயரில் இனிஷியல் இருக்கிறது. பெயரைத் தமிழில் எழுதலாமா?

நம் ஆட்களுக்கே உரிய கேள்வி. முதலில் புள்ளி. மெயில் விதிகளின்படி, பெயரில் புள்ளி வந்தால் முழுப் பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். அனுப்புநர் பெயர் 'எஸ். குமார்' என்பது போல இருந்தால் கிட் தானாகவே மேற்கோள் போட்டுக்கொள்ளும். பெறுநர் பட்டியலைக் கையால் எழுதும்போது நீங்கள்தான் போட வேண்டும்.

இதைவிடப் பெரிய வம்பு, இனிஷியல் இடம் மாறுவது. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, அலுவலகத்தில் ஒரு மாதிரி, கிட் கன்ஃபிக்கில் இன்னொரு மாதிரி என்று நமக்கு மூன்று பெயர் இருக்கும். அனுப்புநர் பெயரும் சைன்ட்-ஆஃப்-பை பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் பேட்சைச் சரிபார்க்கும் கர்னலின் செக்பேட்ச் நிரல் முறைத்துக்கொள்ளும். இனிஷியல் முன்னாலா, பின்னாலா, விரித்து எழுதுவதா என்று ஒரு முறை முடிவு செய்து, எல்லாக் கணினியிலும் அதையே வையுங்கள்.

தமிழ் எழுத்தில் பெயர் வைப்பதில் தொழில்நுட்பத் தடை இல்லை. யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் மடலின் முகப்பில் மூட்டை கட்டப்பட்டுப் போகும், மறுமுனையில் சரியாகத் திறக்கும். நிரல் மாற்றத்துக்குள் தமிழ் எழுத்து இருந்தால், எந்த எழுத்துக் குறியாக்கம் என்று சென்ட்-ஈமெயில் ஒரு கேள்வி கேட்டு, யுடிஎஃப்-8 என்று தானே பரிந்துரைக்கும். என்டர் தட்டுங்கள். ஒரு நடைமுறைச் சங்கடம் மட்டும் உண்டு: மதிப்பாய்வு செய்பவர் உங்களை எப்படி அழைப்பது என்று திகைப்பார்.

ஒட்டிய பிறகு கமிட்டில் ஆசிரியர் பெயர் வேறு மாதிரி வந்திருக்கிறது. யார் செய்த வேலை இது?

இரண்டு இடங்களில் நடக்கலாம். நீங்கள் ஜிமெயில் கணக்கில் நுழைந்து, வேறு முகவரியை அனுப்புநராகப் போட்டால், அந்த முகவரியை ஜிமெயிலில் முன்பே பதிவு செய்திருந்தால் ஒழிய, ஜிமெயில் தன் முகவரியையே போட்டுவிடும்.

இரண்டாவது, மடலைப் பலருக்கும் பிரித்து அனுப்பும் சர்வர். போலி மடல்களைத் தடுக்கும் டிமார்க் கொள்கையை யாஹூ 2014 ஏப்ரலில் கெடுபிடியாக்கியது. அதன் பிறகு பல சர்வர்கள், மடல் தடைபடக் கூடாதே என்று அனுப்புநர் இடத்தில் தங்கள் முகவரியைப் போட ஆரம்பித்தன. பேட்சை ஒட்டினால் அந்தச் சர்வரே ஆசிரியர் ஆகிவிடும்!

மருந்து ஒன்றுதான். மடலின் உடலில் முதல் வரியாக, உண்மையான ஆசிரியர் பெயரையும் முகவரியையும் 'ஃப்ரம்' என்று தொடங்கி எழுதினால், கிட் ஏஎம் முகப்பை விட்டுவிட்டு இதையே எடுத்துக்கொள்ளும். 2022-இல் வந்த கிட் 2.38-இலிருந்து, எப்போதும் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறது.

தொடரில் 12 பேட்ச். 8 மட்டும் போய், மீதி நின்றுவிட்டது. என்ன செய்ய?

முதலில், பதற்றத்தில் மொத்தத்தையும் மறுபடி அனுப்பாதீர்கள். கவர் லெட்டரின் மெசேஜ்-ஐடியை (மடலின் தனி அடையாளம்) எடுத்து, விட்டுப்போன 4 கோப்புகளை மட்டும் அதற்கான பதிலாக அனுப்பினால் அதே இழையில் போய் உட்காரும். ஏற்கெனவே உருவாக்கிய அதே கோப்புகளை அனுப்புங்கள், எண் வரிசை சரியாக இருக்கும்.

காரணம் பெரும்பாலும் சர்வரின் வேகக் கட்டுப்பாடு. சில சர்வர்கள் ஒரே இணைப்பில் இத்தனை மடல்தான் என்று அளவு வைத்திருக்கும். பேட்ச்-சைஸ் அல்ல, 'பேட்ச்' என்றே தமிழில் எழுத வேண்டிய batch, அதாவது 'தொகுதி' அளவு ஒன்று சென்ட்-ஈமெயில் அமைப்பில் இருக்கிறது (தமிழில் எழுதும்போது இந்த இரண்டும் படுத்தும் பாடு!). இத்தனை மடலுக்கு ஒரு முறை துண்டித்து, இத்தனை விநாடி கழித்து மறுபடி நுழை என்று அதில் சொல்லலாம்.

மடல்கள் முன்பின்னாக வந்து சேர்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி கூட்டிக் கூட்டித்தான் கிட் தேதி போடுகிறது. சப்ஜெக்டில் எண்ணும் இருக்கிறது.

மடல் பழுதில்லாமல் வந்தும் 'ஒட்டவில்லை' என்கிறார்களே?

அப்படியானால் மெயில் குற்றவாளி இல்லை. நீங்கள் எந்தக் கமிட்டின் மேல் வேலை செய்தீர்களோ, அது அவரிடம் இல்லை. ஃபார்மட்-பேட்சில் 'பேஸ்' என்ற தெரிவைக் கொடுத்தால், அடித்தளக் கமிட்டின் அடையாளம் பேட்சின் கீழே பதியும். கர்னலில் ஒவ்வொரு துணை அமைப்புக்கும் தனித் தனி மரம் (நிரல் களஞ்சியம்) உண்டு. லினஸின் மரத்தின் மேல் எழுதி, நெட்வொர்க்கிங் ஆட்களுக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும்.

விண்டோஸ் பாணி வரி முடிவுள்ள (ஒவ்வொரு வரியையும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகளால் முடிக்கும்) கோப்புகளும் இப்படிப் படுத்தும். மெயிலே தன் வரிகளை அதே இரட்டை எழுத்தால் முடிப்பதால், எது உங்களுடையது எது மெயிலுடையது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. அப்படிப்பட்ட கோப்பு என்றால் கவர் லெட்டரில் சொல்லிவிடுங்கள்.

என் அலுவலகத்தில் எஸ்எம்டிபி-யே (மடல் அனுப்பும் நெறிமுறை) அடைத்திருக்கிறார்கள். வழி உண்டா?

கர்னலுக்கு உண்டு. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கான்ஸ்டன்டின் ரியாபிட்செவ் எழுதிய 'பி4' என்ற கருவி, பேட்ச்களை வலை வழியாகவே கர்னல்.ஆர்க் சர்வருக்குக் கொடுத்து, அங்கிருந்து மடலாக அனுப்பவைக்கும். ஒரு சாவியைப் பதிவு செய்தால் போதும். எஸ்எம்டிபி இருந்தாலும் பி4 பழகலாம் என்பேன். பதிப்பு எண், கவர் லெட்டர், பெறுநர் பட்டியல் எல்லாவற்றையும் அதுவே நினைவு வைத்துக்கொள்கிறது. கிட் புராஜெக்டுக்கு 'கிட்கிட்கேஜெட்' இருக்கிறது. நீங்கள் கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் போட்டால், அது மடல்களாக மாற்றி அனுப்பும்.

அனுப்பிப் பத்து நாள் ஆயிற்று. ஒரு பதிலும் இல்லை. தொலைந்துவிட்டதா?

முதலில் கர்னல் மடல்களின் காப்பகமான லோர்.கர்னல்.ஆர்க் தளத்தில் உங்கள் சப்ஜெக்டைத் தேடுங்கள். இருந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது. இல்லை என்றால் சர்வர் திருப்பியிருக்கும், ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். சரியான ஆட்களுக்குத்தான் போனதா என்பதை 'கெட்-மெயின்டெய்னர்' நிரலைக் கொண்டு மறுபடி சரிபாருங்கள்.

எல்லாம் சரி என்றால் காத்திருங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம், குறைந்தது ஒரு வாரமாவது கேட்காமல் இருங்கள் என்று கர்னல் ஆவணம் சொல்கிறது. புதுப் பதிப்புக்கான நிரல் சேரும் இரண்டு வாரங்களில் இன்னும் தாமதமாகும். நினைவூட்ட வேண்டும் என்றால் உங்கள் சொந்த மடலுக்கே ஒரு வரியில் பதில் எழுதுங்கள், அலட்டல் இல்லாமல். அப்படி நான் நினைவூட்டிய ஒரு பேட்சுக்கு நான்காம் நாள் பதில் வந்தது. 'அப்ளைட், தேங்க்ஸ்.' அவ்வளவுதான், கீழே கையெழுத்துகூட இல்லை.